கடலோர ஊரா, வயலோர ஊரா? குடியேறும் முன் பார்க்க வேண்டியவை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி கிடைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் எனப் பலரும் இப்போது ஊர்ப்பக்கம் இடம் தேடுகிறார்கள். சோழமண்டலக் கரையில், குறிப்பாகக் கடலூர் முதல் வேதாரண்யம் வரை, அவர்கள் முன் இரண்டு வகை ஊர்கள் இருக்கின்றன: மணல் மேட்டில் படகுகளோடு இருக்கும் மீனவ கிராமம், சில கிலோமீட்டர் மேற்கே நெல்வயல் நடுவே இருக்கும் வேளாண் கிராமம். கடலோரம் என்றால் காற்றும் மீனும் உண்டு, ஆனால் ஆபத்து. வயலோரம் என்றால் பாதுகாப்பும் நல்ல தண்ணீரும் உண்டு, ஆனால் புழுக்கம். இப்படி ஒரு பொதுக்கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. அதை நம்பி முன்பணம் கொடுத்தால் சிக்கல்தான். கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, நிலத்தின் மட்டம், அடியில் உள்ள தண்ணீர், நிலத்தின் உரிமை ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானிக்கின்றன.

கிழக்கிலிருந்து மேற்கே: நிலம் எப்படி அமைந்திருக்கிறது

இந்தக் கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வரும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. கடற்கரை, அதை ஒட்டி முதல் மணல் மேடு. மீனவ கிராமம் இதன்மேல் இருக்கும். படகு இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் கடற்கரை அருகில் வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருக்க மேடு வேண்டும். இரண்டும் சேர்கிற இடம் இது.
2. மேட்டுக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த பட்டை. உப்பங்கழி, வடிகால், இறால் குட்டை, உவர்த்தரை எல்லாம் இங்கே.
3. அதற்கும் மேற்கே, பழைய காலக் கடற்கரையின் மிச்சமான மணல் மேடுகள். பனை, சவுக்கு, முந்திரி, கடலை விளையும்.
4. பிறகு களிமண் சமவெளி. வாய்க்கால் பாசனம், நெல், நாம் சொல்லும் வயலோர ஊர்.

ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் இந்த நான்கும் இருப்பதுண்டு. ஆகவே பத்திரத்தில் உள்ள ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

புதிதாக மனை போட்டு விற்கப்படும் நிலம் பெரும்பாலும் இரண்டாவது பட்டையில் வருகிறது. மேட்டில் மீனவர்கள் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள், சமவெளியில் விளைச்சல் நடக்கிறது. மிஞ்சுவது நடுவிலுள்ள பள்ளம். ‘கடலும் பக்கம், ஊரும் பக்கம்’ என்று விற்கப்படும் இந்தப் பட்டைதான் நான்கிலும் மோசமானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தண்ணீர் கடற்கரை வழியாக மட்டும் ஏறவில்லை. ஆற்று முகத்துவாரம், வாய்க்கால், கழி வழியாக உள்ளே புகுந்து மேட்டின் முதுகுப் பக்கத்திலிருந்தும் வந்தது. சாதாரண ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடியாமல் நிற்கும் இடம் இதுவே. கிராவல் அடித்து உயர்த்திய மனை தை மாதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீர்: ஆழம் போகப் போக உப்பு

கடலை ஒட்டிய மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம் கனமானது. அதனால் நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதி.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 4 மீட்டர் ஏறப் பார்க்கும். மீனவ கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணற்றைவிட ஆழமில்லாத உறைக் கிணறும் கைப்பம்பும் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியூரிலிருந்து வருகிறவர் 100 அடிக்கு போர் போட்டுப் பெரிய மோட்டாரை இறக்கினால், தன் தண்ணீரோடு பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் கெடுப்பார். ஊரோடு முதல் சண்டை அங்கேதான் தொடங்கும். கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதை உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டுமே விட்டிருக்கின்றன.

இன்னொரு சிக்கல், கழிவறை. மணலில் உறிஞ்சுகுழி நீர் வேகமாக நகரும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 3 சென்ட் மனையில், அதாவது சுமார் 1,300 சதுர அடியில், அது நடக்காது. உங்கள் கிணறு தள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழி பக்கத்தில் இருக்கும். அத்தகைய ஊரில் கிணற்று நீரைப் புழங்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையோ கேன் தண்ணீரையோ நம்ப வேண்டியதுதான்.

உள்ளே தள்ளிப் போனால் நல்ல தண்ணீர் கிடைத்துவிடும் என்பதும் உறுதியில்லை. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் காவிரியின் கடைமடை. கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளேயும் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிறது. அங்குள்ள ஊர்கள் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரையும் குளங்களையும் நம்பியிருக்கின்றன. கடலுக்கு அரை கிலோமீட்டரில் உள்ள மணல் மேட்டுக் கிணறு, பத்து கிலோமீட்டர் உள்ளே உள்ள போரைவிட இனிப்பாக இருப்பது அங்கே அதிசயமில்லை.

சோதிக்கும் முறை எளிது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் மலிவு. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எப்போது அளக்கிறோம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. மார்கழியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். மே மாதக் கடைசியில், கத்திரி வெயில் முடிகிற சமயத்தில், மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

500, 200, 50: சட்டத்தின் மீட்டர் கணக்கு

உயர் அலைக் கோடு என்பது ஓதம், அதாவது கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம், உச்சத்தில் இருக்கும்போது நீர் எட்டும் எல்லை. கண்ணால் பார்த்துக் குறிப்பதல்ல, அளவீட்டில் குறிக்கப்பட்டது. அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதிகள் இதில் மூன்றாம் வகையில் வரும்.

2011 அறிவிக்கையின்படி, மூன்றாம் வகையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. அனுமதியோடு ஏற்கெனவே இருக்கும் வீட்டை அதே பரப்புக்குள் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். 100 முதல் 200 மீட்டருக்குள் புதிய வீடு கட்டுவதற்கான தளர்வு மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினருக்கு. வெளியூர்க்காரர் காசு கொடுத்து வாங்கிவிடுவதால் அந்தத் தளர்வு அவருக்கு வந்துவிடாது.

2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர்களில் தடைப் பகுதி 50 மீட்டராகக் குறைகிறது. மற்ற ஊர்களில் அதே 200 மீட்டர். ஆனால் புதிய விதிப்படி திருத்திய கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அது அந்தப் பகுதிக்குச் செல்லும். ‘இப்ப எல்லாம் 50 மீட்டர்தான் சார்’ என்று தரகர் சொன்னால், எந்த வரைபடம், அதில் இந்த சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பலரும் தவறவிடுவது உப்பங்கழியை. கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு, கழி, வாய்க்கால் கரையிலும் இந்த மண்டலம் உண்டு. 2011 விதியில் 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 2019 விதியில் 50 மீட்டர் அல்லது அகலம். ஓதம் எதுவரை என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே கடலிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மனையும், கழி ஓரமாக இருந்தால் மண்டலத்துக்குள் வரலாம்.

கட்டடம்: ஓரிடத்தில் அடி, இன்னோரிடத்தில் முடி

செலவு எங்கே கூடுகிறது என்பதில் இரண்டு ஊர்களும் நேர் எதிர்.

மணலில் சாதாரண வீட்டுக்குக் கடைக்கால் போடுவது பெரும்பாலும் எளிது. இறுகிய மணல் நன்றாகத் தாங்கும். குழியின் பக்கங்கள் சரிவது, ஆறேழு அடியில் நீர் ஊறுவது ஆகியவையே தொல்லை. செலவு மேலே வருகிறது. உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை எட்டியதும் துரு பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளிருந்து நெம்பி மேல்தளத்தின் அடிப்பூச்சையும் கான்கிரீட்டையும் பெயர்த்துவிடும். கரையோரத் தொகுப்பு வீடுகளில் கம்பி வெளியே தெரிய நிற்கும் கூரைகளைப் பார்க்கலாம்.

ஐஎஸ் 456 தரநிலை கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கலவையும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கும் கேட்கிறது. உள்நாட்டின் இலேசான (மைல்டு) சூழலில் எம்20, 20 மில்லிமீட்டர் போதும். நடைமுறையில் சறுக்கும் இடங்கள் மூன்று:

1. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை வைத்துக் கம்பி கட்டுவது. கம்பி சென்ட்ரிங் பலகைமேல் உட்கார்ந்துவிடும்.
2. மனையிலுள்ள கிணற்று நீரிலேயே கலப்பது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கலவைக்கு மட்டும் நல்ல நீரை வாங்கிவிட்டு, பதினைந்து நாள் நீராற்றுவதற்கு உப்புநீரைப் பிடிப்பதும் அதே கேடுதான்.
3. பக்கத்து மேட்டு மணலைப் பூச்சுக்கு அள்ளுவது. உப்பு சுவரிலேயே வந்து உட்காரும். எத்தனை முறை வர்ணம் அடித்தாலும் பொரியும்.

சிமெண்டில் சாம்பல் அல்லது கசடு கலந்த வகை (பிபிசி, ஸ்லாக்) குளோரைடை நன்கு தடுக்கும். ஜன்னலுக்கு இரும்பு கிரில் வேண்டாம். மரம், யுபிவிசி சரி. ஏசியின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

வயலோரக் களிமண்ணில் கதை தலைகீழ். மேல்கட்டு நிம்மதி, கடைக்கால்தான் கவலை. கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண், மழையில் ஊதும். ஆழமில்லாத கருங்கல் கடைக்கால் அதோடு சேர்ந்து ஏறி இறங்க, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அங்கே அண்டர் ரீம்டு பைல் (அடியில் குடைபோல விரியும் ஆழமான கான்கிரீட் தூண்) போட்டு, அவற்றைத் தரைமட்ட உத்திரமான கிரேடு பீமால் இணைப்பதே நம்பகமானது. வயலாக இருந்த நிலமென்றால், மண் கொட்டி ஒரு மழைக்காலமாவது படியவிட வேண்டும். பேஸ்மட்டம், அந்த ஊர்ப் பெரியவர்கள் காட்டும் பழைய வெள்ளத் தடத்துக்கு மேலே இரண்டடியாவது இருக்கட்டும்.

புயல், வெள்ளம், கடலரிப்பு

புயலில் மூன்று வெவ்வேறு ஆபத்துகள் இருக்கின்றன. கடல் பொங்குவது கரையோரத்துக்கு மட்டும். காற்று உள்ளேயும் வரும். மழைவெள்ளமோ கடலைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் அழித்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, கடலே தெரியாத மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையின் உள்நாட்டு ஊர்கள் மூழ்கின. அப்படி நேரும்போது மீனவ கிராமத்துக்கு ஒரு சாதகம் உண்டு: மணல் மேட்டில் மழைநீர் நிற்பதில்லை, புயல் பாதுகாப்பு மையம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், எச்சரிக்கை முதலில் அங்கேதான் வருகிறது. சுனாமிக்கு 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

கடலோரத்துக்கே உரிய, மெதுவான ஆபத்து அரிப்பு. இதைக் கணிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருவதால், மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவே துறைமுகச் சுவரோ கல் தடுப்போ நீட்டினால் அதன் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை தேயும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இதனால்தான். புதுச்சேரித் துறைமுகச் சுவருக்கு வடக்கே நகரக் கடற்கரை போய், பிறகு பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என அரிப்பு ஊர் ஊராக வடக்கே நகர்ந்தது.

ஆகவே கடலோரத்தில் இடம் பார்ப்பவர் முதலில் தெற்கே பார்க்க வேண்டும். சில கிலோமீட்டருக்குள் தடுப்புச்சுவர், மீன்பிடித் துறைமுகம், புதிதாகக் கல் கொட்டிய முகத்துவாரம் இருந்தால், அந்த இடம் வேண்டாம். கூகுள் எர்த்தின் பழைய படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தால் கரைக்கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். பழைய படமும் புதிய படமும் ஒரே மாதத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். மழைக்காலத்தில் கடற்கரை தானாகவே குறுகும்.

நிலம் யாருடையது

மீனவ கிராமத்தில் கடற்கரை தனியார் சொத்தல்ல. படகுத்துறை, வலை பின்னும் இடம், கருவாடு காயும் களம் எல்லாம் பொதுப் பயன்பாடு. கணக்கில் பெரும்பாலும் புறம்போக்கு. வீடுகள் நத்தத்திலோ (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) அரசு நிபந்தனையோடு வழங்கிய ஒப்படை மனையிலோ இருக்கும்.

சுனாமிக்குப் பின் 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172-இன்படி, கடலோர வீட்டை விட்டு 200 மீட்டருக்கு அப்பால் புது வீடு பெற்றவர்கள் பழைய மனையின் உரிமையை அரசுக்கு விட்டுத்தர வேண்டும். பழைய வீடு நின்றுகொண்டே இருக்கலாம், ஆளும் குடியிருக்கலாம், விற்கும் உரிமை இருக்காது. சுனாமிக் குடியிருப்பு வீடு என்றாலோ ஒப்படை ஆணையின் நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். வெற்றுத்தாள் ஒப்பந்தத்தில் இரண்டும் கைமாறுகின்றன. அவற்றை வாங்குவது வாடகைக்கு எடுப்பதைவிட மேலானதல்ல.

வயலோர ஊரில் வேறொரு வலை. காவிரிப் படுகையில் கோயில், மடத்து நிலங்கள் அதிகம். தெருவே அடிமனையாக இருக்கும்: கட்டடம் குடியிருப்பவருடையது, தரை கோயிலுடையது, ஆண்டுக்கு அடிமனை வாடகை. அந்தத் தரையைப் பதிவு செய்ய முடியாது. பட்டா, வில்லங்கச் சான்றோடு நிற்காமல் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நில வகைப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்தால், கோயில் பெயரும் வாய்க்கால் புறம்போக்கும் தெரிந்துவிடும். நன்செயைக் கூறுபோட்ட அங்கீகாரமில்லாத மனைகளைச் சொல்லவே வேண்டாம்.

ஊரும் பிழைப்பும்

மீனவ கிராமத்தில் இரண்டு பஞ்சாயத்துகள் உண்டு. ஒன்று, தேர்தலில் வரும் கிராம ஊராட்சி. மற்றொன்று, நாட்டாரும் பஞ்சாயத்தாரும் நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்து. வரி வசூல், கோயில் திருவிழா, எந்த வலை போடலாம், என்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, சண்டைக்குத் தீர்ப்பு என எல்லாம் இரண்டாவதன் கையில். குடிவருகிற வெளியாளுக்கு அதில் குரல் இல்லை. ஆனால் அதன் முடிவுகள் அவரையும் தொடும். வாடகைக்கு வீடு பேசும்போதே பஞ்சாயத்தாரைப் பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது. வயலோர ஊரில் இப்படி ஒரு முகம் கிடையாது, ஆனால் யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்பதில் சாதி இன்னும் பேசுகிறது. ‘நீங்க என்ன ஆளுங்க’ என்ற கேள்வியை இரண்டு இடத்திலும் எதிர்பார்க்கலாம்.

பிழைப்பைத் தேடிப் போகிறவருக்குக் கடலோரம் கடினம். படகில் பங்கு, கரையில் ஏலம், ஐஸ், டீசல் எல்லாம் உறவுமுறைக்குள் ஓடும் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு மட்டும் போகும், மீன் விலை ஏறும், ஊரே கையைக் கட்டிக்கொண்டிருக்கும். டீக்கடை வைப்பதாக இருந்தால்கூட இந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. கடற்காற்று நுழைந்ததும் கரையோரம் சில டிகிரி தணியும். ஆனால் ஈரப்பதம் கூடுதல், இரவில் வியர்வை காயாது. மே, ஜூனில் மேற்கேயிருந்து கச்சான் பலமாக அடித்தால் கடற்காற்று பிற்பகல் வரை உள்ளே வராது; அந்த நாட்களில் கரையும் கொதிக்கும். கருவாட்டு வாசனையும் அதிகாலை இன்ஜின் சத்தமும் பழகிப்போகும் என்கிறார்கள். பழகாதவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே, எந்த வரிசையில்

மீன்பிடித் தொழிலோடு தொடர்பில்லாத ஒரு குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை: மூன்றாவது பட்டை, அதாவது பழைய மணல் மேட்டில் உள்ள ஊர். தண்ணீர் ஓரளவு நன்றாக இருக்கும், வெள்ளம் நிற்காது, உப்புக்காற்று தணிந்திருக்கும், கடல் சைக்கிள் தூரத்தில். சோதனைகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்:

1. சர்வே எண்ணை வாங்கிக் கடலோர மண்டல வரைபடத்தோடு பொருத்துங்கள். உப்பங்கழியை மறக்க வேண்டாம்.
2. அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று. புறம்போக்கு, கோயில், ஒப்படை என்று எந்தச் சொல் வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.
3. பழைய செயற்கைக்கோள் படங்கள். தெற்கே தடுப்புச்சுவர் இருக்கிறதா என்ற தேடல்.
4. மே இறுதியில் தண்ணீர். பக்கத்தில் இறால் பண்ணை உண்டா என்றும் பாருங்கள். குடிநீர் ஆதாரத்திலிருந்து அது 100 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி.
5. நவம்பரில், நல்ல மழைக்கு மறுநாள், மனையில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள்.
6. இத்தனைக்கும் பிறகு, வாங்காமல் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஏப்ரலிலிருந்து பொங்கல் வரை இருங்கள். தடைக்காலம், கச்சான், மழை, புயல் நான்கும் அந்தப் பத்து மாதத்துக்குள் வந்துவிடும். தையில் எல்லா ஊரும் அழகாக இருப்பதால், தையில் மட்டும் பத்திரம் முடிக்க அவசரப்படுத்துகிறவரிடம் காரணம் கேளுங்கள்.